கயிறு இல்லாத சுவர்

மே 21, புதன்

முகுந்தன் இன்று முழுசாக ஒரு வாக்கியம் பேசினான். என்னிடம் இல்லை, டாக்டரம்மாவிடம். "எது செஞ்சப்ப மனசு லேசா இருந்துச்சு, யோசிச்சு சொல்லுங்க" என்று அவர் கேட்டார். வழக்கமாக இதற்கெல்லாம் தோளைக் குலுக்கிவிட்டுக் கீழே பார்ப்பான். இன்று கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெங்களூர்ல வேலை பாத்தப்ப ஆபீஸ்ல ஒரு தடவ க்ளைம்பிங்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. செவுரு ஏறுறது. ஏறிட்டிருந்தப்ப மட்டும் தலைக்குள்ள சத்தமே இல்ல" என்றான்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். நான் ஆட்டோவில் வரும்போதே ஃபோனில் தேட ஆரம்பித்துவிட்டேன். சென்னையில் சுவர் ஏறும் இடம் என்று போட்டால் முதலில் பெயின்ட் அடிக்கிறவர்கள் நம்பர் வருகிறது.

யாரிடமும் பேச முடியாவிட்டால் எழுதுங்கள் என்று டாக்டரம்மா எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நான் டைப்பிஸ்டாக இருக்கும் வக்கீல் ஆபீசில் புது வருஷத்துக்கு வந்த டைரிகள் யாரும் தொடாமல் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். மார்ச் மாதம் நடந்ததை இதில் எழுதப்போவதில்லை. அதை ஆஸ்பத்திரியில் எழுதிக்கொண்டார்கள், போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டார். நானும் வேறு எழுத வேண்டுமா. பிள்ளையை உயிரோடு வீட்டுக்குக் கூட்டிவந்தேன், அந்த உயிர் அவனுக்கு இன்னும் வேண்டியதாக இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மே 23, வெள்ளி

கத்திரி வெயில். அவன் அறையில் டேபிள் ஃபேன் வெறும் அனலைத் தள்ளுகிறது. ஏப்ரலில் எலெக்ட்ரீஷியன் வந்து சீலிங் ஃபேனைக் கழற்றியபோது, "ஃபேன் நல்லாத்தானேம்மா ஓடுது" என்றார். சத்தம் பிடிக்கவில்லை என்றேன். கொக்கியையும் அறுத்து எடுக்கச் சொன்னபோது ஒரு மாதிரி பார்த்தார்.

பால்கனிக் கொடியையும் அவிழ்த்தாயிற்று. துணிகள் நாற்காலி முதுகில் காய்கின்றன. பாவாடை நாடாக்களை உருவிவிட்டு எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டேன். இடுப்பில் தடம் தடமாக அரிக்கிறது. மேற்கு மாம்பலத்தில் இத்தனை அரிப்போடு யாரும் புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏற மாட்டார்கள்.

எதிர்வீட்டு கிரிஜா இன்றும் கீழாநெல்லி கொண்டுவந்து கொடுத்தாள். முகுந்தனுக்கு மஞ்சள்காமாலை என்று ஃபிளாட்டில் சொல்லிவைத்திருக்கிறோம். என் தம்பி தாமுவின் யோசனை அது. அவன் மின்வாரியத்தில் ரிடையர் ஆனவன். நான் ஆபீஸ் போகும்போதெல்லாம் குரோம்பேட்டையிலிருந்து வந்து, முகுந்தன் அறைக்கு நேராக நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படிக்கிறான். காவல் என்று நாங்கள் சொல்லிக்கொள்வதில்லை.

தாமு பொய்யைச் சொல்லிவிட்டுப் போய்விட்டான், அதற்குச் சமைக்கிறவள் நான். எண்ணெய் காய்ந்தால் வாசனை நேரே கிரிஜா வீட்டுக்குத்தான் போகும். அதனால் இரண்டு மாதமாக இந்த வீட்டில் தாளிப்பு கிடையாது. தாளிக்காத ரசம், இட்லி, மோர் சாதம். காமாலையே வராத பிள்ளை காமாலைப் பத்தியம் சாப்பிடுகிறான். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் சந்தோஷப்படுவேன்.

மே 31, சனி

முதல் இடம். பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு மாலின் மூன்றாவது மாடி.

அவனை நேராகக் கூட்டிப்போய், அங்கே யாராவது கேலியாக ஒரு பார்வை பார்த்துவிட்டால் எல்லாம் அதோடு முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு இடத்தையும் முதலில் நான் போய்ப் பார்ப்பது என்று முடிவு. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்றும் தெரியாதவர்களை மரியாதையாக நடத்த வேண்டும். கயிறு இருக்கக் கூடாது.

மாலில் இருந்தது பிளாஸ்டிக் மலை. பிறந்தநாள் பார்ட்டி நடந்துகொண்டிருந்தது. மெஷின் ஒன்று குழந்தைகளை மேலே இழுத்து இறக்கியது. "பேரனுக்கா ஆன்ட்டி" என்று கேட்டான் அங்கே நின்ற பையன். மகனுக்கு, இருபத்தாறு வயசு என்றேன். "பெரியவங்களுக்கு இங்க அலோ பண்றதில்ல" என்றான். கயிறு இல்லாமல் ஏறுகிற இடம் எங்கேயாவது இருக்கிறதா என்றேன். "கயிறு இல்லாம ஏத்துனா எங்க மேல கேஸ் போட்டுருவாங்க ஆன்ட்டி" என்றான். அந்தக் கேஸையும் நான்தான் டைப் அடிக்க வேண்டியிருக்கும்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு குழந்தை பிடித்திருந்த பிறந்தநாள் பலூன், நூலோடு என் முகத்துக்கு நேராகவே ஆடிக்கொண்டு வந்தது.

ஜூன் 7, சனி

அண்ணா நகர். கயிறே இல்லாத இடம் கிடைத்துவிட்டது. உயரம் குறைந்த சுவர், கீழே மெத்தை. 'புதியவர்களை வரவேற்கிறோம்' என்று அவர்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்ததை நம்பி, மெட்ரோவில் போகும்போதே இங்கேதான் சேர்க்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் இந்த அவசரம்.

உள்ளே சட்டையில்லாத பையன்கள். கையில் வெள்ளை மாவு. வரவேற்க ஒருவரும் இல்லை. நானாகப் போய் நடத்துகிறவரிடம் பேசினேன். "உங்க பையன் எத்தன புல்-அப்ஸ் எடுப்பாரு" என்று கேட்டார். படுக்கையை விட்டு எழுந்து பல் தேய்க்கவே பத்து மணி ஆகிறது என்று சொல்லத் தோன்றியது. தெரியவில்லை என்றேன்.

"பரவால்ல, பிகினர்னா மொதல் க்ளாஸ்ல ஏறச் சொல்ல மாட்டோம். விழத்தான் சொல்லித் தருவோம். மேலேர்ந்து கைய விட்டுரணும். விழுறதுக்கு பயம் போயிட்டா மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். எனக்காகவே ஒரு பையனைக் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னார். அவன் உச்சிக்குப் போய், எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டு கையையும் விட்டான்.

மெத்தையில் அவன் விழுந்த சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டதை எல்லோரும் பார்த்தார்கள். விழுவதற்குப் பயமில்லாத பிள்ளையைத்தான் நான் வீட்டில் வைத்துக்கொண்டு பயந்துகொண்டிருக்கிறேன். அதை அவர் வேறு சொல்லிக்கொடுக்க வேண்டாம். தேங்க்ஸ் சொல்லிவிட்டு வெளியே வந்து மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். ஒரு அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வெயில் என்று சொன்னேன்.

ஜூன் 8, ஞாயிறு

இட்லி. முகுந்தன் படுத்தபடி சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஜூன் 14, சனி

பெருங்குடி. டைல்ஸ் கோடவுனுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட். ஆட்டோக்காரரே இரண்டு முறை தாண்டிப் போய்விட்டார். நடத்துகிறவள் ரெபேக்கா, ராயபுரத்துப் பெண், முப்பது வயசு இருக்கலாம். எல்லோரையும் பார்த்து உட்காரச் சொல்லி முதலில் தண்ணீர் கொடுக்கிறாள்.

தொப்பை வைத்த ஒருவர் சுவரில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு பெண் ஏறினாள். ஒருவரும் ஒருவரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் தேடியது இந்த இடத்தைத்தான்.

ஆனால் உத்தரத்திலிருந்து வரிசையாகக் கயிறுகள். நான் வாசலைத் தாண்டவில்லை. மார்ச்சுக்குப் பிறகு கயிறு என்று ஒன்றை நான் நேராகப் பார்த்தது கிடையாது. கடையில் பார்சலைச் சணலால் கட்டினால்கூட வேண்டாம் என்று பையில் போட்டு வாங்கிக்கொள்வேன். இங்கே ஒரு ஷெட் முழுக்கத் தொங்குகிறது. கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"ஹைட்னா பயமா ஆன்ட்டி" என்று ரெபேக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். "கயிறு இருக்குல்ல, அது விடாது" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள்.

இங்கே இரண்டு பேராகத்தான் வர வேண்டுமாம். ஒருவர் ஏற, ஒருவர் கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும். தனியாக வந்தால் சேர்ப்பதில்லை.

ஜூன் 17, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் கயிறு விஷயத்தைச் சொன்னேன். "அவர்கிட்ட மறைக்காதீங்க. அவரையே கேளுங்க. உங்களுக்குள்ள அந்த வார்த்தையையே யாரும் சொல்றதில்ல, அதுதான் வீட்டுக்குள்ள பெருசா நிக்குது" என்றார். பிறகு, "செவுரு ஏறினா சரியாயிடும்னு நான் சொல்லல வசுமதி. மாத்திரை மாத்திரைதான். அதை நிறுத்திடாதீங்க" என்றும் சொன்னார்.

அவனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் நானே போய்க் கற்றுக்கொள்வதாக இருக்கிறேன். கேட்பதைவிட அது சுலபம்.

ஜூன் 21, சனி

சுடிதார் போட்டுக்கொண்டு போனேன். அடுத்து மகனோடு வருகிறேன் என்றதால், இந்த ஒரு நாளைக்கு ரெபேக்காவே எனக்கு ஜோடி. இடுப்பிலும் தொடையிலும் பட்டை பட்டையாக ஒரு பெல்ட் மாட்டிவிட்டார்கள். ஹார்னெஸ் என்று பெயர். கண்ணாடியில் பார்த்தேன், ரயிலில் ஏற்றக் கட்டிவைத்த படுக்கை மாதிரி இருந்தேன்.

முதலில் கையெழுத்து. இங்கே எனக்கு உயிர் போனாலோ ஊனம் வந்தாலோ யாரும் பொறுப்பில்லை என்று ஒரு காகிதம். இந்த மாதிரி எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது பத்தியில் ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்ததை ரெபேக்காவிடம் காட்டினேன்.

நான் ஏறினது ஒரு ஆள் உயரம். அதற்கு மேல் போகவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. இறங்க வேண்டுமானால் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கயிற்றில் சாய்ந்து உட்கார வேண்டுமாம். விடவே மாட்டேன் என்று சுவரைக் கட்டிக்கொண்டேன். கீழேயிருந்து ரெபேக்கா, "புதுசா வர்ற எல்லாரும் இப்பிடித்தான் ஆன்ட்டி, ஏறுறது ஈஸி, விடுறதுதான் கஷ்டம்" என்றாள். பிடித்துக்கொண்டிருப்பதில் எனக்குப் பழக்கம் அதிகம்.

பிறகு கீழே நின்று கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். அது எனக்கு வந்தது. ஏறுகிறவர் இடுப்பிலிருந்து மேலே போகும் கயிறு உத்தரத்தைச் சுற்றி இறங்கி, கீழே நிற்கிறவர் ஹார்னெஸ் கொக்கி வழியாக அவர் கைக்கு வருகிறது. ஏறுகிறவர் போகப் போகத் தளர்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணை எடுக்கக் கூடாது. ஏறும் முன் இருவரும் ஒருவர் முடிச்சை ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஏறுகிறவர் "புடிச்சிருக்கீங்களா" என்று கேட்க வேண்டும், கீழே நிற்கிறவர் "புடிச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது.

இறங்கிவிட்டாலும் கயிற்றை விடக் கூடாது. ஏறினவர் தரையில் நின்று "வந்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் விடலாம். அந்தத் தொப்பைக்காரர் இறங்கியதும் சொல்ல மறந்துவிட்டு ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் மனைவி கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள். எங்களுக்கெல்லாம் சிரிப்பு. "நீங்கதான் கரெக்ட். அவர் சொல்ற வரைக்கும் விடாதீங்க" என்றாள் ரெபேக்கா.

வீட்டுக்கு வந்தபோது தாமு, "எங்கக்கா போற சனிக்கிழமை சனிக்கிழமை" என்று கேட்டான். முழங்கால் வலிக்கு வைத்தியம் என்றேன். இந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரு வியாதி சொல்லிவைத்தாயிற்று.

ஜூன் 25, புதன்

முடிச்சு மட்டும் கைக்கு வரவில்லை. எட்டு மாதிரி சுற்றி, வந்த வழியே திரும்பப் போக வேண்டும். வீட்டில் பழகிப் பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் நான் எடுத்துவிட்டேன். அதனால் ஆபீசில், கேஸ் கட்டுகளைக் கட்டும் சிவப்பு நாடாவில் பழகுகிறேன். மத்தியானம் சீனியர் பார்த்துவிட்டு, "என்னம்மா, கட்டு அவுத்தா திரும்பக் கட்டத் தெரியலையா" என்றார். புது முறை சார் என்றேன். இன்று ஒரு சொத்துத் தகராறு மலையேறும் முடிச்சோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.

ஜூன் 28, சனி

என்ன முட்டாள்தனம். என்ன முட்டாள்தனம்.

நாடா என் கைப்பையிலேயே இருந்திருக்கிறது. அவன் மாத்திரைகளையும் அதே பையில்தான் வைத்திருக்கிறேன், அவன் கைக்கு எட்டாமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு திரிவேன். இன்று குளிக்கப் போகும்போது ஹாலில் வைத்துவிட்டேன். தாமு அங்கேயே இருந்தான், ஆனால் பேப்பரில் தலையை விட்டிருந்தான். வெளியே வந்தபோது முகுந்தன் சோபாவில் உட்கார்ந்து, முடிச்சுப் போட்ட சிவப்பு நாடாவை விரலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது என்னம்மா."

"ஆபீஸ் நாடா."

"இது ஃபிகர் எய்ட். க்ளைம்பிங்ல போடுறது. யாரு போட்டா."

நான் போட்டேன் என்றேன். அவன் என்னைப் பார்த்தான். மார்ச்சுக்குப் பிறகு என் முகத்தை அவன் நேராகப் பார்த்தது இப்போதுதான். எல்லாவற்றையும் சொன்னேன். மால், அண்ணா நகர், பெருங்குடி, ஹார்னெஸ் எல்லாம். ஒரு ஆள் உயரத்தில் மாட்டிக்கொண்டதையும் சொன்னேன். அவன் உதட்டில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று எழுத மாட்டேன்.

"ஃபேன எடுத்துட்ட. கொடிய எடுத்துட்ட. உன் பாவாடைல கூட நாடா இல்ல, எனக்குத் தெரியும். இப்ப கயிறு கட்டி ஏறுற எடத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போகப்போறியா."

"கயிறு இல்லாத எடம்தான் மொதல்ல தேடினேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று புரிந்தது. தாமு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டான்.

முகுந்தன் முடிச்சை அவிழ்த்தான். ஒரு முறை தானே போட்டு என்னிடம் காட்டினான், நான் கடைசிச் சுற்றைத் தவறான பக்கம் விட்டிருந்தேனாம். "வர்றேன். ஒரு தடவ" என்றான்.

ஜூலை 5, சனி

கிளம்பினான். சட்டை மாற்றினான். வாசலில் ஷூவைப் போட உட்கார்ந்தவன் லேஸ் ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஷூவுக்கு லேஸ் கிடையாது, நான் உருவி வைத்திருந்தேன். வெல்க்ரோ வைத்த செருப்பைக் கொண்டுவந்து கொடுத்தேன். திரும்ப உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

ஜூலை 12, சனி

இன்றும் இல்லை. மழை பெய்யும் போல இருக்கிறது என்றான். வானம் மேகமே இல்லாமல் வெறித்துக் கிடந்தது.

ஜூலை 19, சனி

போனோம்.

எழுத முடிகிறதா பார்க்கிறேன். வரிசையாக எழுத வேண்டும்.

ரெபேக்கா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. காகிதத்தை நீட்டினாள். அவன் படித்தான். "இங்கு எனக்கு உயிரிழப்பு ஏற்பட்டால் அதற்கு நானே பொறுப்பு. இதுல கையெழுத்துப் போட என்னை விட்டா யாரும்மா ஆளு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போட்டான். எனக்கு அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

அவன் எடை என்னைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். மாத்திரையில் இன்னும் ஊதியிருக்கிறான். கனமானவர் ஏறும்போது கீழே பிடிக்கிறவர் லேசாக இருந்தால், மேலே இருப்பவர் கையை விட்டதும் கீழே இருப்பவரைக் கயிறு தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதற்காகத் தரையில் பெரிய மணல் மூட்டை வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பட்டை வந்து என் ஹார்னெஸில் கொக்கியால் மாட்டிக்கொள்ளும். ரெபேக்கா மாட்டிவிட்டாள். "இதை மட்டும் கழட்டாதீங்க ஆன்ட்டி" என்றாள்.

பிறகு அவன் தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். அந்த முடிச்சை நான் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டேன். இழுத்தும் பார்த்தேன். என் பிள்ளை உடம்பில் கயிறு சரியாக இறுகியிருக்கிறதா என்று என் கையால் பார்த்தேன். இந்த உலகத்தில் எந்த அம்மாவுக்கும் இந்த வேலை வரக் கூடாது. அவனும் என் கொக்கியைத் தொட்டுப் பார்த்தான். அவன் விரல் ஜில்லென்றிருந்தது.

"புடிச்சிருக்கியாம்மா."

"புடிச்சிருக்கேன்."

"ஏறவா."

"ஏறுப்பா."

நன்றாகத்தான் ஏறினான். எனக்கே ஆச்சரியம். கை தேடியது, பிடித்தது, கால் மாறியது. நாலு மாதம் படுக்கையில் கிடந்தவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். பாதிக்கு மேல் சுவர் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. மூட்டை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் அவன் பாதமும் முதுகும் மட்டும்தான் தெரிந்தது. முகம் தெரியவில்லை. தலைக்குள் சத்தம் இல்லாமல் இருக்கிறானா என்று எனக்குப் பார்க்க வேண்டும். இத்தனை சனிக்கிழமை நான் அலைந்தது அதைப் பார்க்கத்தான்.

ரெபேக்கா பக்கத்தில் ஒரு குழந்தைக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் மூட்டைக் கொக்கியைக் கழற்றிவிட்டு நாலடி பின்னால் போனேன்.

முகம் தெரிந்தது. உச்சிக்குப் பக்கத்தில் நின்றிருந்தான். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமே இல்லை. வீட்டில் சுவரைப் பார்க்கிற அதே முகம்தான். அவ்வளவு உயரம் போயும் அதே முகம். "முகுந்தா, இறக்கவாப்பா" என்று கத்தினேன். அவன் கீழே பார்த்தான். என்னையா, தரையையா, தெரியவில்லை. இரண்டு கையையும் விட்டுவிட்டான்.

என் கால் தரையை விட்டுப் போனது. அவன் கீழே வர நான் மேலே போனேன். ஷெட்டில் யாரோ அலறினார்கள், நான் இல்லை. பாதியில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றோம், சுவரோரம் அந்தரத்தில், மூக்குக்கு மூக்கு. என் இரண்டு கையும் கயிற்றில்தான் இருந்தது. விடவில்லை. அதை மட்டும் இங்கே தெளிவாக எழுதிவைக்கிறேன், நான் விடவில்லை.

"அம்மா, நீ ஏன் இங்க இருக்க" என்றான் அவன். நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

ரெபேக்காவும் தொப்பைக்காரரும் ஓடிவந்து என் காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் இறங்க இறங்க அவன் கொஞ்சம் மேலே போனான், பிறகு மூட்டையை மாட்டி அவனை மெதுவாக இறக்கினார்கள். ரெபேக்கா என்னைத் திட்டினாள். திட்டட்டும். முகுந்தன் தரைக்கு வந்ததும் யாரையும் பார்க்காமல் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போதும் ஆன்ட்டி, குடுங்க" என்று ரெபேக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

ஆட்டோ வேளச்சேரியைத் தாண்டியது. பிறகு, "என்னைப் புடிச்சா நீயும் தரையில நிக்க முடியாதும்மா" என்றான்.

"மூட்டை இருந்துச்சு. நான்தான் கழட்டிட்டேன்."

"ஏன் கழட்டின."

"உன் மூஞ்சி தெரியல."

அவன் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஏறுனப்பவும் சத்தம் இருந்துச்சும்மா" என்றான். "பெங்களூர்ல இல்ல. இன்னைக்கு இருந்துச்சு."

இதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

தொடை முழுக்க நீலம். தாமுவிடம் பாத்ரூமில் வழுக்கிவிட்டேன் என்று சொன்னேன். நாளை மறுநாள் டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், கையை விட்டதையும்.

ஜூலை 22, செவ்வாய்

மாத்திரையை மாற்றியிருக்கிறார். அவனோடு தனியாக ரொம்ப நேரம் பேசினார். வெளியே வந்து, "இன்னும் கொஞ்ச நாளைக்குக் கண்ணை எடுக்காதீங்க" என்றார். எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 26, சனி

வருகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றான். அடுத்த வாரம் என்றேன். "அம்மா, போதும்" என்றான். கோபமில்லை. கோபம் இருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

ரெபேக்கா ஃபோன் செய்தாள். திட்டினதுக்கு ஸாரி ஆன்ட்டி என்றாள். "எப்ப வேணா வாங்க. உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஓரத்து செவுரு இருக்கு." வருகிறோம் என்றேன். இந்த வார்த்தையும் மஞ்சள்காமாலை மாதிரித்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளியோதரை, எலுமிச்சம்பழ சாதம், தேங்காய் சாதம் மூன்றும் முகுந்தனுக்குச் சின்ன வயசிலிருந்து பிடிக்கும். இவற்றைத் தாளிக்காமல் செய்ய முடியாது. எண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடிக்கட்டும் என்று நின்றேன். வேர்க்கடலை, மிளகாய், பெருங்காயம் எல்லாம் போட்டேன். அப்பளமும் பொரித்தேன். வீடே மணத்தது. மாசக்கணக்காக மறந்துபோன வாசனை.

நினைத்தபடியே கிரிஜா வந்து நின்றாள். "காமாலை எறங்கிடுச்சாக்கா" என்றாள்.

"இல்ல."

"பின்ன எண்ணெய்ச் சட்டி வச்சிருக்கீங்க."

"அது காமாலை இல்ல கிரிஜா" என்றேன். அவள் ஹாலில் நாற்காலிகள் மேல் காய்ந்துகொண்டிருந்த என் புடவையையும் அவன் சட்டைகளையும் பார்த்தாள். "துணியெல்லாம் குடுங்கக்கா, எங்க கொடியில போடுறேன். ரொம்ப நாளாவே சொல்லணும்னு இருந்தேன்" என்றாள். அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அப்படியானால் அந்தக் கீழாநெல்லியை எல்லாம் அவள் தெரிந்தேதான் கொண்டுவந்திருக்கிறாள். நானும் தினமும் அரைத்து, குழாயடியில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

முகுந்தனுக்கு மூன்று சாதத்தையும் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். புளியோதரையில் இரண்டு வாய். அப்பளத்தை உடைத்தான், சாப்பிடவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சுண்ணாம்பு உரிந்த இடம் இப்போது கையளவு ஆகிவிட்டது.

கதவோரம் நின்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ, வாயில் வந்துவிட்டது. "புடிச்சிருக்கேன்" என்றேன். அவன் கேட்டிருப்பான், முதுகு கொஞ்சம் அசைந்தது. டேபிள் ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பிச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஷெட்டிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. உள்ளங்கையில் கயிறு இழுத்த தோல் ஆறி, புதுத் தோல் வந்துவிட்டது. ஆனால் வலிக்கிறது. அன்றைக்கு அவன் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனான், அவ்வளவுதான். வந்துட்டேன் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.